பதினோரு வயதுச் சிங்களம்

அன்று காலை ஒரு விசைப்படகின் புரொப்பெல்லர் தண்டை லேத்தில் ஏற்றி ஓடவிட்டிருந்தேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் காவலர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"சார், நீங்க சிலோன்காரர்தான?"

திருவொற்றியூரில் நாற்பது வருடமாக இருக்கிறேன். அவரும் நானும் ஒரே தெருவில் இருபது வருடம். தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் பார்த்துக்கொள்கிறோம். இருந்தாலும் கேள்வி கேட்கிறவர் சீருடையில் இருந்தார்.

"அங்க பொறந்தேன்" என்றேன்.

"சிங்களம் வருமா?"

"பதினோரு வயசு வரைக்கும் வந்துச்சு."

அது போதும் என்றார். எஞ்சின் பழுதாகிக் கடலில் மிதந்துகொண்டிருந்த ஒரு இலங்கைப் படகைக் கடலோரக் காவல்படை பிடித்துக் காசிமேட்டில் கொண்டுவந்து கட்டியிருந்தது. ஐந்து பேர். யாருக்கும் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது.

"காலைலேருந்து படகினி, படகினின்னு ஒரே பாட்டு. போட்டு பத்ரமா கீதுன்னு சொல்லியாச்சு. ஜன்னலாண்ட இட்டுக்கினு போய் போட்டக் காட்டியாச்சு. திரும்பவும் படகினின்றான். போட்டு மேல அவ்ளோ பாசம்."

"பசிக்குதுன்னு சொல்றாங்க."

காவலர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போட்டக் கேக்கல?"

"இல்ல. படகினின்னா பசி."

"அடக் கஷ்டமே" என்று சொல்லிப் போனை எடுத்தார். நாங்கள் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பேருக்கும் பொங்கலும் வடையும் வந்திருந்தன. இரண்டு நாடுகளுக்கு நடுவில் நான் செய்த முதல் வேலை அதுதான். பின்னால் செய்தவை எதுவும் இவ்வளவு சீக்கிரம் பலன் தரவில்லை.

என் சிங்களத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது அந்த நாட்டின் மலைப்பகுதியில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த கடைத்தெருவில். நான் பிறப்பதற்கு முன்பே இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பேசி, தோட்டங்களில் இருக்கும் தமிழர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். நான் யார் பங்கு என்பது எனக்குப் பதினோரு வயதில் தெரிந்தது. அப்பா, அம்மா, நான் மூவரும் இந்தியாவின் பங்கு. அக்காவுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரர் வேறு விண்ணப்பம் போட்டிருந்ததால் அவள் இலங்கையின் பங்கு. ரயில் நிலையத்தில் எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. கப்பலில் போகப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். அக்கா அதை இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்கு அடுத்தது ஒரு சிங்களவரின் ரொட்டிக்கடை. அவர் பிள்ளைகளோடுதான் பள்ளி விட்டதும் விளையாடுவேன். ஆகையால் பட்டம், பம்பரம், கள்ளன் போலீஸ், ரொட்டி, வசவு ஆகியவற்றில் என் சிங்களம் குறை சொல்ல முடியாதது. அதற்கு மேல் அது வளரவில்லை. எனக்கு நரை வந்துவிட்டது, அதற்கு வரவில்லை.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் நிதானமான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். எதிரே பெஞ்சில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். படகோட்டிக்கு அறுபது வயது இருக்கும். முகம் வெயிலில் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, "மஹத்தயா" என்றார். ஐயா என்று பொருள். நான் சிங்களம் பேசிய நாட்களில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆய்வாளர் ஒரு தாளைப் பார்த்துச் சொன்னார். "சர்வதேசக் கடல் எல்லைக் கோட்டை அத்துமீறித் தாண்டினீங்களான்னு கேளுங்க."

கோடு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'இர'. தரையில் கரியால் போட்டு நொண்டி விளையாடுகிற கோடு. சிங்களத்தில் சூரியனும் 'இர'தான் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. கடலில் இருக்கிற பெரிய 'இர'வைத் தாண்டினீர்களா என்று கேட்டேன்.

படகோட்டி மற்ற நான்கு பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மரியாதையாகச் சொன்னார். "சூரியனை யார் தாண்ட முடியும், மஹத்தயா? காலையில் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, மாலையில் இந்தப் பக்கம் போனது. ஒன்பது நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது."

"இன்னா சொல்றாரு?" என்றார் ஆய்வாளர்.

"இருங்க சார். கேள்வி தப்பாப் போயிடுச்சு."

மேஜையில் இருந்த சாக்குக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் லங்கா என்று காட்டி, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் குதித்தேன். ஐம்பத்தைந்து வயதில், இரண்டு தலைமைக் காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றைக் காலில்தான் குதித்தேன். பழக்கம். படகோட்டி தலையாட்டினார். கியர்பெட்டி உடைந்துவிட்டது, நீரோட்டம் இழுத்து வந்துவிட்டது, தண்ணீரில் கோடு தெரியவில்லை என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது பறிமுதல். கள்ளன் போலீஸ் விளையாட்டில் பறிமுதல் கிடையாது. நான் வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். கடிதம் போய், தொலைபேசி போய், இப்போது ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அன்று செவ்வாய்க்கிழமை. ஆகையால் எடுத்ததும், "யாருக்குப்பா என்ன ஆச்சு?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள்.

நாங்கள் வந்து கொஞ்ச காலத்துக்குள் அங்கே நடந்த கலவரத்தில் அக்கா வீட்டுக்காரரின் பெட்டிக்கடையைக் கொளுத்திவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் குடும்பம் அக்காவையும் வீட்டுக்காரரையும் மூன்று நாள் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது. இதை அவள் எனக்குச் சொன்னதே பல வருடங்கள் கழித்துத்தான். அதுவும் பேச்சோடு பேச்சாக, தும்மலை அடக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது என்று.

"கொளுத்த வந்தவனும் இந்தப் பாஷதான் பேசுனான், தம்பி. எங்கள உள்ள வச்சுக் கதவச் சாத்துனவரும் இந்தப் பாஷதான் பேசுனாரு" என்றாள் கடைசியில். "சரி, உனக்கு என்ன வார்த்தை வேணும்?"

"பறிமுதல்."

"ராஜசந்தக."

"பிணை?"

"ஆப. ஆப்பிள்ல வர்ற மாதிரி சொல்லு. எபான்னு சொல்லிப்புடாத. அது வேணாம்னு அர்த்தம். ஜாமீன் வேணாம்னு எழுதிக்கப் போறாங்க."

அன்றிலிருந்து அக்காவும் இந்த வழக்கில் சேர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "கேட்டியா?"

"எத?"

"தம்பி போட்ட."

என் மனைவி காசிமேட்டுப் பெண். அவள் தம்பி, என் மச்சான், நாகப்பட்டினத்தில் பெண் எடுத்தவன். மாமனாரோடு கூட்டாக ஒரு இழுவைப் படகு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தப் படகோடு ஒருநாள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு ஐந்து மாதம் அங்கே சிறையில் இருந்தான். அவனை விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். படகை அனுப்பவில்லை. திரும்பி வந்து காசிமேட்டில் இன்னொருவர் படகுக்கு டிரைவராகப் போய்க்கொண்டிருந்தான். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி அவன் வீட்டில் பேசியதில்லை.

"அவங்க மீன் பிடிக்கிறவங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அவுங்க ஊர்லதான கீது? அவுங்க போட்டு இங்க கீது, நம்ம போட்டு அங்க கீது. மாத்திக்க வேண்டியதுதான. இதுக்கு இன்னாத்துக்கு மந்திரிங்கோ?"

அது இரண்டு அரசாங்கமும் பேசி முடிக்க வேண்டிய விஷயம் என்றேன்.

"கவர்மெண்டா மீன் புடிக்கப் போவுது?" என்று கேட்டுவிட்டுச் சோறு போட்டாள். அவளுடைய யோசனையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஐந்து பேரையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன நாளில் மச்சானும் வந்துவிட்டான். நான் கூப்பிடவில்லை. வராந்தாவில் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக நடந்தான். ஆறடி உயரம், டீசல் கறை படிந்த சட்டை. கூட வந்த காவலர்கள் நிமிர்ந்து நின்றார்கள். நானும் வேகமாக அவன் பின்னால் போனேன்.

மச்சான் படகோட்டியின் முன்னால் நின்று, "பத் கேவத?" என்றான்.

சாப்பிட்டாயா என்பதற்குச் சிங்களம். அவனுக்குச் சிங்களம் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முப்பது வார்த்தை தெரியுமாம். எல்லாம் சிறையில் கற்றது.

"கேவா, மல்லி" என்றார் படகோட்டி. சாப்பிட்டேன், தம்பி.

மச்சான் என் பக்கம் திரும்பினான். "மாமா, இவர்ட்ட சொல்லு. நான் இவுங்க ஜெயில்ல இருந்தவன். நம்ம ஜெயிலு எப்டின்னு எனுக்குத் தெரியாது. ஆனா மொத வாரம்தான் பேஜாரு. அப்பால நாள் எண்றத வுட்டுட்டா போதும்."

சொன்னேன். படகோட்டி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு மற்றவர்களுக்கும் ஒருமுறை சொன்னார். அதன்பிறகு மச்சான் போனை எடுத்துத் தன் படகின் படத்தைக் காட்டினான். நீல நிறம், முன்பக்கத்தில் மாதா படம். "இத்தப் பாத்துக்கீறாரா கேளு."

படகு இருப்பது அவர்கள் நாட்டின் வடகோடியில். இவர்கள் தென்மேற்குக் கரையோரத்துக்காரர்கள். வடக்கே தான் போனதே இல்லை என்றார் படகோட்டி. முதலில் யுத்தம் நடந்தது, அப்புறம் நேரம் கிடைக்கவில்லை என்றார். படத்தை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை பார்த்தார். "நல்ல படகு" என்றார். மச்சானுக்கு அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் புழல் சிறையில் நான்கு மாதம் இருந்தார்கள். வக்கீலோடு நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். படகோட்டி சொல்வதை நான் அக்காவுக்குச் சொல்வேன். அக்கா அவர் மனைவிக்குப் போன் செய்து சொல்வாள். அந்த அம்மாள் முதல் தடவை அழுதார்களாம். இரண்டாம் தடவையும் அழுதார்களாம். மூன்றாம் தடவை இரண்டு பேரும் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் சொல்லும் செய்திக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. நான் போன் செய்தால் அக்காவின் லைன் பிசியாக இருக்கும்.

"அவங்ககிட்ட உங்க வீட்டுல என்னாச்சுன்னு நீ ஏதாச்சும் சொன்னியா? உன் கடையப் பத்தி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"மொதல்ல, எந்த வருஷம்னு கேட்டாங்க. அப்புறம், எங்க ஊர்லயும் ரெண்டு கடை எரிஞ்சுச்சு, நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன், கதவத் தொறக்கலன்னு சொன்னாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது? மாத்திரையச் சோத்துக்கு முன்னாடி போடுறீங்களா, பின்னாடி போடுறீங்களான்னு கேட்டேன்."

இரண்டு நாட்டு வெளியுறவு மந்திரிகளும் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள். பேப்பரில் படம் வந்தது. மீனவர் பிரச்சினையை மனிதாபிமானத்தோடு அணுகுவது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதாகப் போட்டிருந்தது. அடுத்த வாரம் அங்கிருந்து ஒரு பட்டியல், இங்கிருந்து ஒரு பட்டியல். எங்கள் ஐந்து பேரையும் நல்லெண்ண அடிப்படையில் விடுதலை செய்தார்கள். நல்லெண்ணம் மனிதர்களுக்கு மட்டும்தான். படகுகள் அதில் வரவில்லை. இலங்கைத் துணைத் தூதரகத்திலிருந்து வந்த அதிகாரி எனக்குக் கைகொடுத்து, உங்கள் சிங்களம் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது, என் மகள் நினைவு வருகிறது என்றார். அவர் மகள் நான்காவது படிக்கிறாளாம்.

விமான நிலையத்துக்கு வண்டி கிளம்பும்போது படகோட்டி மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "போட்டப் பாத்துக்கோன்னு சொல்றாரு."

"நான் இன்னாத்தப் பாக்குறது? அது கேஸு போட்டு" என்றான் மச்சான்.

மழைக்காலம் வந்தது. முதல் மழை விட்ட அன்று காலையில் மச்சான் அந்தப் படகில் ஏறி வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். காவலுக்கு இருந்தவர் குடையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுகிச்சின்னா எடத்த அடைச்சிக்கும் மாமா. எங்க போட்டக் கட்ட முடியாது. அதுக்குத்தான்" என்றான், நான் கேட்காமலே.

இறைத்து முடித்ததும் படகைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். "அந்தாளுக்கு அனுப்பு." அனுப்பினேன். பதிலுக்கு ஒரு நீண்ட ஒலிப்பதிவு வந்தது. சுருக்கம்: இடது பக்கம் பின்னால் ஒரு பலகை இளகியிருக்கும், பார். மச்சான் போய்ப் பார்த்தான். இளகியிருந்தது. ஆணி அடித்தான். அதுவும் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான்.

இப்படியே சில மாதம் போனது. ஒரு சனிக்கிழமை படகோட்டி கூப்பிட்டார். நாளைக்கு வடக்கே போகிறேன் என்றார். என்ன வேலை என்று கேட்டேன். மல்லியின் படகைப் பார்க்க வேண்டும், அவன் என்னுடையதைப் பார்க்கிறானே என்றார். பஸ்ஸில் கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். அவர் மனைவிக்குப் பயம். அக்காதான் தைரியம் சொல்லியிருக்கிறாள், தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொடுத்தனுப்பச் சொல்லி.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டார். மச்சானும் என் மனைவியும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மணல், பனைமரம், கரையில் வரிசையாக ஏற்றிவைத்த படகுகள். எல்லாம் நம் ஊர்ப் படகுகள். அவர் ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்தார். போன் ஆடியதில் என் மனைவிக்குத் தலை சுற்றியது. மாதா படம் தெரிந்ததும் மச்சான், "நில்லு, நில்லு" என்று தமிழில் கத்தினான். அவர் நின்றார்.

ஸ்டியரிங் இல்லை. கேபின் கதவு இல்லை. பலகைகள் வாய் பிளந்திருந்தன. படகின் நிழலில் நான்கு ஆடுகள் படுத்திருந்தன.  "சுத்தி வரச் சொல்லு" என்றான் மச்சான். அவர் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆர் நீங்கள்? இதில நிண்டு என்ன பார்க்கிறியள்?"

அந்த ஊர்த் தமிழர். மீனவர். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். படகோட்டிக்குத் தமிழ் தெரியாது. அந்த மீனவருக்குச் சிங்களம் அரைகுறை. படகோட்டி போனை அவரிடம் நீட்டிவிட்டார். நான் வணக்கம் சொல்லி, சென்னையிலிருந்து பேசுகிறேன், அந்தப் படகு என் மச்சானுடையது என்றேன்.

"ஓமோ? இந்தப் படகு உங்கடையோ?" என்றார். "நல்லது. கன நாளா இந்தப் படகுக்காரரோட கதைக்க வேணும் எண்டு இருந்தனான். சண்டை முடிஞ்சு எங்களைக் கடலுக்கு விட்ட பிறகுதான், தம்பி, நான் வலை வேண்டினனான். மனுசியின்ர நகையெல்லாம் குடுத்து வேண்டின வலை. ஒரு விடியக்காலை உங்கட இழுவைப் படகுகள் வந்து அள்ளிக்கொண்டு போட்டுது. உங்கட ஆக்கள் எங்களுக்காக அழுதவையள் எண்டு எனக்குத் தெரியும். அதுக்காக வலையை விடேலுமோ?"

படகோட்டி பக்கத்திலிருந்து, அவர் என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். இந்தியப் படகு அவர் வலையை அள்ளிக்கொண்டு போய்விட்டது. படகோட்டி, "ஆ" என்றார். என் மனைவி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

மச்சான் என் காதருகே சொன்னான். "மாமா, எந்தப் பக்கம் வலை போட்டிருந்தாருன்னு கேளு."

"அது தமிழ்தான் மச்சான். நீயே கேளு."

போனை வாங்கினான். திரும்பவும் என்னிடம் கொடுத்தான். பிறகு மறுபடி வாங்கினான்.

"அண்ணே, நான்தான் அந்த போட்ட ஓட்டினது. ஒங்க கரையாண்ட வந்துகினுதான் இருந்தோம். அங்கதான் எறா கெடைக்கும். எங்க இழுவ வலை மடியில வேற ஆளுங்க நெட்டு சுத்திக்கினு வரும். அறுத்துத் தண்ணில வுட்டுடுவோம். யாரு நெட்டுன்னு பாக்க மாட்டோம்."

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"என்ன நிற வலை?" என்றார் அவர்.

"நீலம். பச்சையும் வரும்."

"என்ரை வெள்ளை."

மச்சான் தரையைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.

"வெள்ளையும் வந்துகீது, அண்ணே."

"ம்" என்றார் அவர். பிறகு படகோட்டியின் பக்கம் போனைத் திருப்பி, "இவர் ஆர், இந்தச் சிங்கள ஐயா?" என்று கேட்டார்.

நான் போனை வாங்கி முழுக் கதையையும் சொன்னேன். இவர் படகு காசிமேட்டில் நிற்கிறது, இவன் அதில் தண்ணீர் இறைக்கிறான், அதனால் இவர் ஒரு நாள் பஸ்ஸில் வந்து இவன் படகைப் பார்க்கிறார் என்று. சொல்லிக் கேட்கும்போது எனக்கே அது சரியாகப் பட்டதா என்று தெரியவில்லை.

"பார்த்து என்ன செய்யப் போறார்?"

"ஒண்ணும் இல்ல. பார்க்கத்தான் வந்தார்."

"சரி, வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். இணைப்பு நின்றது.

சாயங்காலம் படகோட்டி பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார். அந்த மனிதர் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாராம். நண்டுக் குழம்பாம். மூன்று மணி நேரம் இருந்தாராம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். எஞ்சினைப் பற்றி என்றார். பிஸ்டன், நாசில், கியர்பாக்ஸ் எல்லாம் எந்தப் பாஷையிலும் அதேதானே என்றார். மச்சான் சொன்னதை அவருக்கு நான் அதுவரை மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, எங்கள் ஊரிலும் அறுத்து விடுவோம் என்றார்.

இரண்டு படகுகளும் தப்பவில்லை. அடுத்த மழைக்காலத்துப் புயலில், மச்சான் ஆந்திரா பக்கம் கடலுக்குப் போயிருந்தபோது, படகோட்டியின் படகு காசிமேட்டுத் துறைமுகச் சுவரில் மோதி மூழ்கியது. கிரேன் வைத்துத் தூக்கி உடைத்துவிட்டார்கள். மச்சான் வந்து வெறும் தண்ணீரைப் படம் எடுத்து, அதைப் படகோட்டிக்கு அனுப்பச் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அனுப்பு என்றான். அனுப்பினேன். அவனுடைய படகை அங்கே அரசுடைமை ஆக்கி உடைத்ததாக அதே வருடம் தகவல் வந்தது. என் மனைவி மூன்று நாள் அந்த நாட்டைத் திட்டினாள். நடுவில் படகோட்டி போன் செய்தபோது மட்டும் நிறுத்திவிட்டு, மழை எப்படி என்று என் மூலமாக விசாரித்தாள்.

மச்சான் இழுவைப் படகு வேலையை விட்டுவிட்டான். இப்போது தூண்டில் போடும் படகில் போகிறான். ஏன் என்று கேட்டால் முதுகு வலி என்கிறான். தூண்டில் படகில் முதுகு குறைவாக வலிக்கும் என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

போன மாதம் அக்கா வந்தாள். படகோட்டியின் மனைவிக்கு வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்திக்கடன், தனியாக வரப் பயம், ஆகையால் துணைக்கு. இத்தனை வருடத்தில் நானாவது போயிருக்கலாம். பட்டறையை யார் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். விமானம் கொழும்பிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். நாங்கள் திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கம் போக இரண்டு மணி நேரம் ஆனது.

வெளியே வரும் கூட்டத்தில் அவளைத் தேடினேன். முகம் ஞாயிறுதோறும் பார்க்கிற முகம்தான். ஆனால் போனில் ஆளின் உயரம் தெரியாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. உயரமான ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியாகப் பார்த்தபோது நான் அவள் தோளுக்கும் கீழே இருந்தேன். என் மார்பளவு இருந்த ஒரு அம்மாள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கப்பா பாக்குற?" என்றாள்.

நான் குனிந்தேன். அவள் அழவில்லை. இந்தத் தடவை அது என் முறையாகப் போயிற்று. படகோட்டியின் மனைவி பெட்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். சிங்களத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. என் மனைவி முன்னால் போய் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அவளோடு கார் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.